சங்கு செபம்

சபைத் தலைமையகத்தின் சுற்றறிக்கை இரண்டு பக்கம். துறவு வாழ்வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சகோதரிகள் சபையின் மரபைப் பற்றித் தங்கள் சொந்தக் குரலில், அச்சமின்றி எழுத ஊக்குவிக்கப்பட வேண்டும் என்றது முதல் பக்கம். அச்சமின்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய சொற்கள் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. சொந்தக் குரலுக்கு ஒரு மாதிரியும் இணைக்கப்பட்டிருந்தது.

கல்மண்டபம் பகுதியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கன்னியர் மடத்தின் தலைவி இதை ஒரு கடிதத்தோடு அனுப்பியிருந்தார். எல்லோரும் அவரை மதர் என்றே அழைப்பார்கள். நான் நாளிதழில் முப்பது வருடம் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு இந்தப் பக்கம் குடிவந்தவன். சபையின் மலருக்குக் கட்டுரை எழுத வேண்டிய நான்கு நவதுறவிகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி முதல் மூன்று மணி வரை எழுதக் கற்றுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். கையால் எழுதிய கடிதம். ஒரு பிழைகூட இல்லை. 'ழ'வின் வால் மட்டும் அடுத்த வரி வரை இறங்கி, கீழே இருக்கும் எழுத்தைக் கொக்கி போட்டு இழுத்தது. பிழை தேடிப் பழகிய கண்ணுக்குப் பிழை கிடைக்காவிட்டால் இப்படி ஏதாவது ஒன்றில் போய் நிற்கும்.

நவதுறவி என்றால் மடத்தில் சேர்ந்து பயிற்சியில் இருப்பவர். பயிற்சி முடிந்ததும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்றையும் பீடத்தின் முன் வாக்காகக் கொடுப்பார். அதற்கு முதல் வார்த்தைப்பாடு என்று பெயர். அதற்குப் பிறகுதான் அவர் முழுச் சகோதரி. மூன்றில் கடினமானது இரண்டாவது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மடத்துக்குள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் வெள்ளிக்கிழமை நான்கு கட்டுரைகள் வந்தன. நான்கிலும் ஒரு விதை விழுந்தது. நான்கிலும் அது ஆலமரமானது. மூன்றில் பறவைகள் வந்து தங்கின. நான்காவதில் பறவைகள் வரவில்லை. நேரம் போதவில்லை என்றார் எழுதியவர்.

அந்த நான்காமவர் முகத்துவாரக்குப்பத்துப் பெண். மற்ற மூவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். இந்த ஊர்க்காரர் இவர் ஒருவர்தான்.

"உங்க குப்பத்துல ஆலமரம் இருக்கா, சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ரெண்டு பூவரசு கீது... இருக்கிறது. வலை காயப் போடுவாங்கோ... போடுவார்கள்."

மற்ற மூவரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தி, பஞ்சர் ஒட்டி, மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். எதற்காக இவ்வளவு சிரமம் என்பது வகுப்பு முடிந்ததும் வரவேற்பறையில் தெரிந்தது.

போன வருடமே வார்த்தைப்பாடு கொடுத்திருக்க வேண்டியவர், அந்தப் பெண். அவருடன் சேர்ந்தவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். இவரை மட்டும் ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். அறிக்கையில் எழுதிய காரணம் ஒரே வரி: பேச்சில் பக்குவம் போதாது.

"இந்த ஆண்டும் நிறுத்தினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்றார் மதர். "மூன்றாவது வாய்ப்பு எங்கள் சபையில் கிடையாது. அவளுடைய கட்டுரையையும் என் அறிக்கையோடு சேர்த்துத் தலைமையகம் பார்க்கும். ஆகவே தாங்கள் சற்றுக் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும்."

மதரின் தமிழ் வானொலிச் செய்தி போல இருக்கும். ஒரு எழுத்து நழுவாது. "வட்டார வழக்கு துறவுக்குத் தடை என்று நான் சொல்லவில்லை, ஐயா. ஆனால் நாளை பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் முன்னால் நின்றுகொண்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் என்ன பேசுகின்றன என்பது அவருக்கு நினைவு வந்திருக்கலாம்.

வெளியே வந்தபோது மூன்று மணி. மடத்துச் சகோதரிகள் அத்தனை பேரும் முன் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். யாரும் பேசவில்லை. செபம் என்றால் சிற்றாலயத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் கேட்டைப் பார்த்து நின்றார்கள். கேட்டுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. லாரிகளைப் பார்த்துத் தியானம் செய்யும் சபையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. சரியாக மூன்று பத்துக்கு மணி அடித்தது. எல்லோரும் திரும்பி உள்ளே போனார்கள்.

அதற்கு இரண்டு நிமிடம் முன்பு, கேட்டை ஒட்டிக் கூடையோடு குந்தியிருந்த மீன்கார அம்மா குரல் கொடுத்தார். அறுபதைத் தாண்டியவர். வெள்ளிக்கிழமை மடத்தில் கறி கிடையாது என்பதால் விற்று மிஞ்சியதை அங்கே கொண்டுவருவார்.

"இன்னா சிஸ்டருங்களா, சங்கு செபம் இன்னும் முட்ச்சிகினு வர்லியா? மீனு நாறிப் பூடும். அப்பால என்னியச் சொல்லாதீங்கோ!"

மௌனம் கலையவில்லை. ஒரே ஒரு வெள்ளை உடையின் தோள்கள் மட்டும் குலுங்கின. முகத்துவாரக்குப்பம்.

மூன்று மணி என்பது இயேசு உயிர்விட்ட நேரம். உலகம் முழுக்க மூன்று மணிக்குச் செபம் சொல்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் பத்து நிமிடம் தாமதம் என்று மதரைக் கேட்டேன். மடத்தின் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். சிலுவையடியில் அன்னை மரியா காத்த மௌனத்தை இந்தப் பத்து நிமிடம் நினைவூட்டுகிறது, ஆண்டவரின் வருகையை எதிர்நோக்குவதால் வாசலைப் பார்த்து நிற்கிறார்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது. பத்து நிமிடம் என்று கணக்கெடுத்தது யார் என்பதைக் கையேடு சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம், ஆலமரத்தை வெட்டிவிட்டு இந்தப் பத்து நிமிடத்தை எழுதச் சொன்னேன். எழுதினார். மதருக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி. என் பிரதியின் முதல் வரிகள் இவை: "எங்கள் மடத்தில் மூன்று மணிச் செபம் மூன்று பத்துக்குத்தான். வெளியே இதற்குச் சங்கு செபம் என்று பெயர். சங்கு ஊதினால் செபம் கிடையாது, தண்ணி. தண்ணி முடிந்தால்தான் செபம்."

நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். கன்னியர் மடத்தில் சங்கு ஊதியதாக அச்சில் வந்தால் என்னவாகும் என்பதற்கு முப்பது வருட அனுபவம் தேவையில்லை. சங்கை அடித்து 'மணி' என்று போட்டேன். எங்கள் நாளிதழின் நடையில் சங்கு கோயில் செய்தியில் வரும், மரணச் செய்தியில் வரும். வேறெங்கும் விடமாட்டோம். 'தண்ணி'யும் மடத்துக்கு ஆகாது. அது மாலைப் பதிப்பில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களுக்கு உரிய சொல். 'புனித நீர்' என்று மாற்றினேன். கடைசியில் வாக்கியம் இப்படி வந்தது: மணி ஒலித்தால் செபம் கிடையாது, புனித நீர். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் திருத்திய தாளை இரண்டு தடவை படித்தார்.

"சார், இது நான் எழுதினதா?"

"கருத்து உங்களுடையது. நடையைத்தான் சரிசெய்தேன்."

"கருத்தும் எங்கியோ பூட்ச்சு சார்." பிறகு பஞ்சர் ஒட்டுவதையே மறந்துவிட்டுக் கேட்டார்: "சங்குன்னா நீங்க இன்னா நெனச்சீங்க?"

நான் நினைத்ததைச் சொன்னேன். மற்ற மூன்று நவதுறவிகளும் நல்லவேளையாக ஆலமரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மில்லு சங்கு சார்! தோ, எதுர்ல கன்டெய்னர் அடுக்கிக்கீறாங்கோ பாருங்க, அது மொத்தம் மில்லு. மீன் விக்கிற அத்தையோட வூட்டுக்காரரு அங்கதான் வேல பாத்தாரு. மூணு மணிக்கு சங்கு ஊதும். காலைல ஏழு மணிக்கு உள்ள போனவங்க எல்லாம் வெளிய வருவாங்க. சிஸ்டருங்க கேட்டாண்ட கொடத்த வெச்சிகினு தண்ணி ஊத்துவாங்களாம். எல்லாரும் குட்ச்சிட்டுப் போவறதுக்குப் பத்து நிமிஷம். அப்பாலதான் செபம்."

மில் மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சங்கு நின்றது. தண்ணீரும் நின்றது. பத்து நிமிடம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. வாசலைப் பார்த்து நின்றது யாருக்காக என்பதும் விளங்கியது. அங்கே வரிசையில் வந்தவர்கள் எண்ணெய்ப் பிசுக்குச் சட்டைக்காரர்கள்.

நான் இவ்வளவு எளிதில் நம்பிவிட்டதை மறைக்க நாளிதழ் விதி ஒன்றைச் சொன்னேன். "ஒரே ஆள் சொன்னதை வைத்து எழுத முடியாது, சிஸ்டர்."

"சுவிசேஷத்துக்கே நாலு பேருதான சார்."

"அதில் பாதியாவது கொண்டு வாங்க."

விதி என்னுடையது என்றாலும், அதை உண்மையில் கடுமையாகப் பிடித்தவர் மதர். அந்தப் பெண் மில் கதையையும் சேர்த்து எழுதிய பிரதியை, நான் திருத்திய தாளோடு படித்துவிட்டு எங்கள் இருவரையும் அழைத்தார். என் திருத்தங்களை மிகவும் பாராட்டினார். புனித நீர் அவருக்குப் பிடித்திருந்தது. ஆலைக் கதையை எடுத்துவிட்டுக் கையேட்டில் உள்ள விளக்கத்தைச் சேர்த்தால் போதும் என்றார்.

"கையேட்ல இருக்கிறது தப்பு, மதர்" என்றார் அந்தப் பெண். தாழ்ந்த குரல்தான். ஆனால் கீழ்ப்படிதல் என்ற சொல் அறைக்குள் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததை நான் கவனித்தேன்.

மதர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "மீன் விற்கும் பெண்மணி சொல்வது மரபாகாது, ஐயா. மரபு என்றால் பதிவில் இருக்க வேண்டும்." பிறகு அவரிடம்: "அடுத்த வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்புகிறேன். அதற்குள் மாற்றி எழுதிக் கொடு. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

அச்சமின்றி எழுத ஊக்குவிக்கும் பணி அத்துடன் நிறைவடைந்தது என்று நினைத்தேன். வாசலில் அந்தப் பெண்ணிடம், மாற்றி எழுதிவிடுங்கள், ஒரு பத்தி போனால் போகட்டும், வார்த்தைப்பாடு முக்கியம் என்றேன். செய்தி அறையில் இந்தப் புத்திமதியை நான் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

மீன்கார அம்மா எதையோ மோப்பம் பிடித்துவிட்டார். "இன்னா கண்ணு, மூஞ்சி தொங்கிப் போய் கீது? பெரிய சிஸ்டரு பேஜார் பண்ணிச்சா?"

"நீ சொன்னது பதிவுல இல்லியாம், அத்தே."

"பதிவா? எம்புருசன் அங்க பதினாறு வருசம் நின்னு தண்ணி குட்ச்சாரு. பில்லு குடுக்கலியே, இன்னா பண்றது!"

அந்த வாரம் நடந்ததை அந்தப் பெண்ணே பிறகு சொன்னார். மடத்தில் குறிப்பேடு என்று ஒன்று உண்டு. அன்றன்று நடந்ததை நாலு வரி எழுதி வைப்பது. அதை மடத்திலேயே புதிதாகச் சேர்ந்தவர்தான் எழுத வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. புதியவர்களை எழுத ஊக்குவிக்கச் சுற்றறிக்கை இல்லாத காலம். எழுது என்று சொல்லிவிட்டார்கள், எழுதினார்கள். பின்னாளில் கணினி வந்ததும் தலைவியே மாதம் ஒருமுறை தட்டச்சு செய்து அனுப்பும் முறை வந்தது. பழைய நோட்டுகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சமையலறையிலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை.

பரணில் கிறிஸ்துமஸ் குடில் பெட்டியில் இருந்தன. பெத்லகேம் மலைக்கு மேடு எழுப்ப நோட்டுகளை அடுக்கி, மேலே பழுப்புத் தாள் சுற்றி, அதன்மேல் ஆட்டிடையர்களை நிற்க வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் சபையின் மரபின்மேல் மூன்று ஆடுகளும் ஓர் ஒட்டகமும் நின்றிருக்கின்றன. மரபுக்கு இதைவிடக் கனமான மரியாதையை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வரவேற்பறையில் அவர் ஒரு நோட்டைத் தன் கட்டுரையோடு மேசைமேல் வைத்தார். கட்டுரையில் ஒரு வரிகூட மாற்றவில்லை. மறுபடியும் சங்கு, மறுபடியும் தண்ணி. மேசையின் மறுபக்கத்தில் மதரின் அறிக்கைப் படிவம் பாதி நிரம்பிக் கிடந்தது. 'பேச்சு' என்ற இடம் காலியாக இருந்தது.

"பதிவு கீது, மதர்" என்றார் அந்தப் பெண். இந்தத் தடவை பஞ்சர் ஒட்டவில்லை. நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"'வெள்ளிக்கிழமை. மூணு மணிக்கு சங்கு ஊதிச்சு. தண்ணி ஊத்தினோம். மேஸ்திரி ரெண்டு தபா வாங்கிக் குட்ச்சாரு. ஆளுங்கோ பூட்டாங்கோ. அப்பால செபம். லேட்டுன்னு பெரிய மதர் ஒண்ணியும் சொல்லல. வாசல்ல நிக்கிறவனுக்கு ஊத்தினா அதுவும் செபம்தான்னு சொல்லிச்சு.'"

படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரோ நம்ம ஊரு சிஸ்டருதான், மதர். என்னியவிட மோசமா எழுதிகீறாங்க."

நோட்டு என் பக்கமாகத் திரும்பியிருந்தது. நீல மை மங்கியிருந்தது. 'வெள்ளிக்கிழமை'யின் 'ழ' வால் நீட்டி அடுத்த வரிக்கு இறங்கி, அங்கே இருந்த சங்கைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தது.

நான் மதரைப் பார்த்தேன். மதர் நோட்டைப் பார்த்தார். கையில் ஒரு செய்தி இருந்தும் வாயைத் திறக்காமல் நான் உட்கார்ந்திருந்தது அநேகமாக அன்றுதான்.

மதர் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்தப் பெண் இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். முதல் பக்கம் போயிற்று. பேனா காகிதத்தைத் தொடவில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஓரிடத்தில் நின்று, ஒரு சொல்லை அடித்தது.

"ரெண்டு கொடம் இல்லடி. நாலு" என்றார் மதர். "கேட்டுக்கு இந்தாண்ட ரெண்டு, அந்தாண்ட ரெண்டு. ரெண்டு கொடத்த வெச்சிகினு அம்மாங் கூட்டத்துக்கு எப்டி ஊத்துறது?"

வெளியே ஒரு கன்டெய்னர் லாரி பின்வாங்கும் பீப் பீப் சத்தம் கேட்டது.

"...என்று இருந்திருக்கக்கூடும்" என்றார் மதர், வானொலிக் குரலில்.

அந்தப் பெண் மதரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி மதரைப் பார்த்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரிங்க மதர், நாலுன்னு மாத்திடறேன்" என்று மட்டும் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார். பேச்சில் பக்குவம் போதாது என்ற அறிக்கை அந்த நிமிடத்தில் காலாவதியானது.

மதர் படிவத்தை நிரப்புவதைப் பார்க்காதவன்போல் நான் சுவரில் இருந்த நிறுவனர் அன்னையின் படத்தைப் பார்த்தேன். துணை ஆசிரியர்களுக்குத் தலைகீழாகப் படிக்க வரும் என்பது மதருக்குத் தெரியாது. 'பேச்சு' என்ற இடத்தில் அவர் எழுதியது மூன்றே சொற்கள்: இந்த ஊர்ப் பேச்சு. அதற்கு அடுத்த கட்டத்தில்: வார்த்தைப்பாட்டுக்குப் பரிந்துரைக்கிறேன்.

தலைமையகம் சம்மதித்தது. மலர் வந்தது. மூன்று ஆலமரங்கள் வண்ணப் பக்கங்களிலும் சங்கு செபம் கடைசிக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் பக்கத்திலும் இருந்தன. தண்ணியைக் குடிநீர் ஆக்கியிருந்தார்கள். சங்கின் தலையில் ஒரு நட்சத்திரம் போட்டு அடிக்குறிப்பு கொடுத்திருந்தார்கள்: 'இங்கே சங்கு என்பது ஆலையின் நேர அறிவிப்பு ஒலியைக் குறிக்கும், சங்கைக் குறிக்காது.' இதைவிடத் தெளிவாக எழுத என்னாலும் முடியாது. கட்டுரையின் கடைசி வரியை மட்டும் காணோம். இடமில்லையாம். அந்த வரி இதுதான்: 'சங்கு போயிடுச்சு. ஆனா லாரிக்காரங்க வெயில்ல நிக்கிறாங்க.'

முதல் வார்த்தைப்பாட்டுத் திருப்பலி ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. மூன்று பத்துக்குத் தொடங்கியது. தலைமையகத்திலிருந்து வந்தவர் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். மதர் பார்க்கவில்லை. முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். வாக்கு மூன்றையும் அந்தப் பெண் அச்சுத் தமிழில், எங்கும் நிறுத்தாமல் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் அந்த வழியாகப் போனேன். வராந்தாவில் வழக்கமான வரிசை, வழக்கமான மௌனம். புதிய சகோதரி மட்டும் வரிசையில் இல்லை. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே நின்றார். பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் குடம், கையில் எவர்சில்வர் சொம்பு. கேட்டின் அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு குடம். மீன்கார அம்மா கூடையோடு நடுவில் குந்தியிருந்தார்.

இந்த ஊரில் ஒருவருக்குச் சங்கு ஊதிவிட்டார்கள் என்றால் அவர் கதை முடிந்தது என்று பொருள். துறவு என்பது உலகத்துக்கு இறப்பது என்று மடத்துக் கையேடும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்க மீன்கார அம்மாவால்தான் முடியும்.

"இன்னா சிஸ்டரு, உனுக்கு சங்கு ஊதிட்டாங்களா?"

"ஊதிட்டாங்கோ அத்தே. இன்னும் பத்து நிமிஷம் கீது. கூடைய அப்டிக்கா தள்ளு, டிரைவர் அண்ணன் தண்ணிக்கு நிக்கிறாரு."